பெரிய எழுத்துக்காக வாங்கிய கருவி இப்போது எனக்கு வாசித்துக் காட்டுகிறது

இந்த மின்னூல் கருவியை 2020-இல் வாங்கியபோது எனக்குப் பார்வை கொஞ்சம் மிச்சமிருந்தது. விழித்திரை நோயால் எல்லாம் மங்கிக்கொண்டே வந்தது. எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி, திரைக்கு நாலைந்து சொல் என்று படித்தேன். இரண்டு ஆண்டுகளில் அதுவும் முடியாமல் போனது. பார்வை போனாலும் கருவியை விடவில்லை. இப்போது அது வாசிக்கிறது, நான் கேட்கிறேன்.

உள்ளே ஆண்ட்ராய்டு இருந்ததால்தான் இது முடிந்தது. திரையில் உள்ளதை உரக்கச் சொல்லும் டாக்பேக் என்ற வசதியை இயக்கி, தமிழ்க் குரல் ஒன்றையும் இறக்கிக்கொண்டேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: இதில் வெளியிலிருந்து தமிழ்க் குரல் சேர்க்க முடியுமா? குரல் வசதி எல்லாக் காலத்திலும் எல்லாக் கருவியிலும் இருந்ததில்லை. 2009-இல் வந்த அமேசானின் மின்னூல் கருவி கிண்டில் 2 புத்தகத்தை உரக்க வாசித்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்ததும், எந்தப் புத்தகத்துக்குக் குரல் வேண்டாம் என்று பதிப்பாளரே முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது. பிறகு வந்த மெல்லிய கருவிகள் சிலவற்றில் ஒலிபெருக்கியே இல்லை. பழைய கருவியை யாராவது அன்பாகக் கொடுத்தாலும், வாங்கிக்கொள்ளுமுன் விசாரித்துவிடுங்கள்.

தினமும் சிங்கப்பூரில் அங் மோ கியோவிலிருந்து டோபி காட் வரை எம்ஆர்டி ரயிலில் போகிறேன். எட்டு நிறுத்தம், ஒரு சிறுகதை. காதை அடைக்காமல் கன்ன எலும்பு வழியாக ஒலி தரும் ஹெட்செட் போட்டுக்கொள்கிறேன். நிலைய அறிவிப்பும் கதவு மூடும் மணியும் தடையில்லாமல் கேட்க வேண்டும். இதில் மட்டும் நான் சமரசம் செய்வதில்லை.

வேகம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆங்கிலத்தை இரண்டு மடங்குக்கு மேல் ஓட்டினாலும் எனக்குப் புரிகிறது. தமிழில் ஒன்றரைக்கு மேல் போவதில்லை. நம் மொழியில் யார், எப்போது, எத்தனை பேர் என்பதெல்லாம் சொல்லின் வாலில் இருக்கிறது. வேகம் கூடினால் குரல் அந்த வாலைத்தான் விழுங்குகிறது. வந்தானா, வந்தாளா, வந்தாரா என்று தெரியாமல் அரைப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

உச்சரிப்பில் எனக்கு நிறைய வருத்தம் இருந்தது. ‘பயம்’ என்பதன் முதல் ஒலியில் சொல்ல வேண்டிய பிடோக் என்ற இடப்பெயரைக் குரல் ‘பழம்’ என்பதன் முதல் ஒலியில் சொல்கிறது. இரண்டுக்கும் நம்மிடம் ஒரே எழுத்து, குரல் என்ன செய்யும்? நாட்டியம் பற்றிய கட்டுரையில் முகத்தில் காட்டும் பாவமும், நாம் செய்யும் பாவமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. கண்ணால் படித்த காலத்திலும் இடம் பார்த்து நானேதான் பிரித்துக்கொண்டேன். அதை இப்போது காது செய்கிறது. பழக எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று. என் கருவியின் குரலில் ளகரமும் ழகரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றே. கேட்டுக்கொண்டே இருந்ததில், ஒரு சொல் எப்படி எழுதப்படும் என்ற நினைவு எனக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையத் தொடங்கியது. இப்போது சந்தேகம் வந்தால் நிறுத்தி, எழுத்து எழுத்தாக நகர்ந்து கேட்கிறேன். ஒலிநூலில் இதைச் செய்ய முடியாது. நான் நிறுத்தி, திரும்பி, ஒரு சொல்லைத் தடவிப் பார்க்க முடிகிறது என்பதால்தான் இதை வாசிப்பு என்கிறேன். பிரெயில் கற்கவும் தொடங்கியிருக்கிறேன். இந்த வயதில் விரல் மெதுவாகத்தான் பழகுகிறது.

சரி, புத்தகங்களுக்கு வருகிறேன். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கோப்பு, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் இல்லாவிட்டால் பயனில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய ‘அம்மா’வை என் குரல் எழுத்து எழுத்தாக எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று சொல்லும். திரையில் பார்ப்பவருக்கு அது அம்மா. பக்கங்களைப் படமெடுத்துக் கோத்த பிடிஎஃப் இன்னும் மோசம், அதில் வெறும் மௌனம்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டெழுதிச் சேர்த்த நூல்கள் எனக்குப் பெரும் துணை. பழம்பாடல்களில் குரல் தடுமாறும், உரைநடை நன்றாக ஓடும். பார்வையற்றோருக்காக உரிமையாளர் அனுமதியின்றி நூலை மாற்றித் தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2015-இலேயே சேர்ந்துவிட்டது. சட்டம் வழிவிட்டிருக்கிறது, தமிழ் நூல்களை மாற்றித் தரக் கைகள்தான் வேண்டும். இங்குள்ள எழுத்தாளர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அச்சுக்கு அனுப்பும்போது யூனிகோட் பிரதி ஒன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒருமுறை கருவி தானாகப் புதுப்பித்துக்கொண்டதில் ஹெட்செட் இணைப்பு அறுந்துவிட்டது. எதைத் தொட்டாலும் சத்தமில்லை. வீட்டுக்காரர் அப்போது வெளியூரில். மூன்று நாள் அது என் மேசையில் கல்லாகக் கிடந்தது. அதன்பிறகு தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டேன். அவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் புதுப்பிக்கிறேன்.

இரவில் ஹெட்செட்டைக் கழற்றி ஒலிபெருக்கியில் போடுகிறேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே வருவார், குரல் தப்பாகச் சொன்ன பெயரைத் திருத்திச் சொல்வார். எனக்குப் பயன்படாமல் போன திரை அவருக்குப் பயன்படுகிறது.

குரலும் புளூடூத்தும் சேர்ந்து ஓடுவதால் மின்கலம் மூன்று நாள்கூடத் தாங்குவதில்லை. அடுத்து வாங்குவதில் பக்கம் புரட்டவும் நிறுத்தவும் விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான் இருக்க வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் தேடித் தேடி அலுத்துவிட்டது. கடைக்கு என் ஹெட்செட்டையும் ஒரு தமிழ்க் கோப்பையும் எடுத்துப் போய், அங்கேயே வாசிக்க வைத்துக் கேட்ட பிறகுதான் பணம் கொடுப்பேன்.