6 பென்ஸ் போர்க்காலச் சிறுநூலும் துருப்பிடிக்காத இரண்டு பின்களும்

1940இல் இங்கிலாந்தின் வானில் நடந்த போரைப் பற்றி, பிரிட்டிஷ் விமானத்துறை அமைச்சகத்துக்காக, அந்நாட்டு அரசின் வெளியீட்டு அலுவலகமான ஹிஸ் மெஜஸ்டீஸ் ஸ்டேஷனரி ஆபீஸ் 1941இல் வெளியிட்ட ‘தி பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ சிறுநூலின் பிரதி ஒன்றை, வெளிநாட்டுப் பழைய புத்தக வியாபாரி ஒருவரிடமிருந்து இணையம் வழியாக வாங்கினேன். ‘முதல் பதிப்பு, முதல் அச்சு’ என்று விளம்பரம் சொன்னது. விலை 18 பவுண்டு. தபால் செலவு தனி. நூல் பத்திரமாக வந்து சேர்ந்தது, ஆனால் விளம்பரத்தில் சொன்ன நூல் அதுவன்று.

1941 மார்ச் இறுதியில் முதலில் வெளிவந்தது படங்களற்ற, 3 பென்ஸ் விலையுள்ள பதிப்பு. புகைப்படங்களும் விளக்கப்படங்களும் சேர்ந்த 6 பென்ஸ் பதிப்பு அதற்குப் பின்னரே வந்தது; எனக்கு வந்தது அந்தப் பதிப்புதான். ஆகவே 6 பென்ஸ் பிரதி எவ்வளவு புதிதுபோல் இருந்தாலும், அதைப் படப் பதிப்பின் முதல் அச்சு என்று சொல்லலாமே தவிர நூலின் முதல் பதிப்பு என்று சொல்ல முடியாது. இந்த ஒரு வேறுபாட்டை வியாபாரிகள் பலர் கண்டுகொள்வதே இல்லை. நூலில் 1941 என்று இருப்பதையே சான்றாகக் காட்டுகிறார்கள். அதே ஆண்டுக்குள் மறு அச்சு போட்டாலும் ஆண்டு 1941தானே? பின்னட்டையில் காணும் ஸ்டேஷனரி ஆபீஸ் குறியீட்டு எண்ணும் உதவாது; அது தலைப்புக்கு உரிய எண், அச்சுக்கு உரியதன்று. அந்த அலுவலகத்தின் வெளியீடுகளில் நான் முதலில் தேடுவது, கடைசிப் பக்கத்தின் அல்லது பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஓடும் அச்சக வரியைத்தான். ஆணை எண், அச்சகத்தின் பெயர் அல்லது சுருக்கம் ஆகியவற்றோடு, பல வெளியீடுகளில் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையும் மாதமும் ஆண்டும்கூட அந்த வரியில் இருக்கும்.

எனக்கு வந்த பிரதியில் சரியாக அந்த இடத்தில்தான் பழுப்பேறிய செலோடேப் ஒட்டியிருந்தது. விளம்பரப் படத்தில் பின்னட்டையின் அடிப்பகுதி தெரியாதபடி வெட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். வாங்கும் முன்பே கேட்காதது என் தவறு. அதைவிட உறுத்தியது பின்கள். உள்தாள்களின் நடுமடிப்பில் பழைய பின்கள் விட்டுப்போன துருக்கறை இருக்க, இப்போது நூலைப் பிடித்திருக்கும் இரண்டு பின்களும் பளபளவென்று புதிதாக இருந்தன. விளக்கொளியில் பிடித்துப் பார்த்தேன்: உள்தாளில் பழைய துளைகள் தனியே தெரிந்தன, அட்டையிலோ புதுப் பின்களின் துளைகளைத் தவிர வேறு துளையும் இல்லை, கறையும் இல்லை. ஒரு பிரதியின் தாள்களுக்கு வேறொரு அட்டையை மாட்டியிருக்கிறார்கள் என்பதே என் முடிவு. அப்படியானால், அச்சக வரி தெளிவாகத் தெரிந்திருந்தாலும் அது அட்டையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கும்.

படிப்பதற்கு இந்நூல் இன்றும் சுவையானது. அட்டையில் ஆசிரியர் பெயர் கிடையாது. எழுதியவர் ஹிலரி செயின்ட் ஜார்ஜ் சாண்டர்ஸ். போர் விமானப் படைப்பிரிவை வழிநடத்திய டவ்டிங்கின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அதற்காக சர்ச்சில் விமானத்துறை அமைச்சரைக் கடிந்து எழுதினார். அந்த மௌனத்தைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதற்காகவே ஒரு பிரதி வைத்திருக்கலாம்.

வியாபாரியின் சேவையைப் பொறுத்தவரை, நூலைக் கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து நன்றாகவே கட்டியிருந்தார். துளைகளின் படத்தை அனுப்பியதும் வாதாடாமல் 9 பவுண்டைத் திருப்பித் தந்தார். ஆனால் இதை எழுதும் நேரம் வரை அவருடைய பட்டியலில் அதே சிறுநூலின் இன்னொரு 6 பென்ஸ் பிரதி ‘முதல் பதிப்பு, முதல் அச்சு’ என்றே இருக்கிறது. அதன் படத்திலும் பின்னட்டையின் அடிப்பகுதி இல்லை.