ஸ்லைப்னர் வாயுவைப் பின்தொடர எந்த மாதிரி: முழு முப்பரிமாணமா, செங்குத்துச் சமநிலையா, கலப்பா?

வட கடலில் நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் சுமார் 9 சதவீதம் கரியமில வாயு. விற்பதற்கு முன் அதைப் பிரித்தாக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் 1991-இல் வந்த கார்பன் வரி. அதனால் 1996 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன் என்ற அளவில், கடல்மட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கும் உட்சிரா மணற்பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். அந்தப் பாறையின் நுண்துளைகளில் உப்புநீர் நிறைந்திருக்கிறது. வாயு அதைவிட லேசானது. மேலேறி, மூடியாக இருக்கும் களிப்பாறையின் அடியில் தேங்கிப் பக்கவாட்டில் பரவும்.

ஆயிரம் ஆண்டு கழித்து அது எங்கே நிற்கும்? இதைக் கணக்கிட மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, முழு முப்பரிமாண மாதிரி. பாறையைச் சிறு கட்டங்களாக வெட்டி, நுண்துளைகள் வழியே பாயும் ஓட்டத்துக்கு 1856-இல் டார்சி தந்த விதியையும் நிறை அழியா விதியையும் ஒவ்வொரு கட்டத்திலும் தீர்ப்பது. இயற்பியலில் குறையே இல்லை, சிக்கல் கட்டங்களின் எண்ணிக்கையில்தான். 3 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் பரப்பு, 250 மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். கிடையாக 25 மீட்டர், செங்குத்தாக 1 மீட்டர் வீதம் வெட்டினால் 60 லட்சம் கட்டங்கள். கட்டுப்படியாகவில்லை என்று செங்குத்தில் 10 மீட்டராக்கினால் விடையே கெட்டுவிடும். மூடுபாறைக்கு அடியில் 2 மீட்டர் தடிமனில் வேகமாக ஓடவேண்டிய வாயு, கணக்கில் 10 மீட்டர் முழுக்க 20 சதவீதமாகக் கலந்து கிடக்கும். துளைகளில் வாயுவின் பங்கு, அதாவது செறிவு, குறைந்தால் நகர்வும் மந்தமாகும், பரவலின் முனை பின்தங்கிவிடும். முப்பரிமாணம் என்றாலே துல்லியம் என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இரண்டாவது, செங்குத்துச் சமநிலை மாதிரி. வாயு மேலே, நீர் கீழே என்று ஏற்கெனவே பிரிந்து நிற்பதாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் வாயுப் படலத்தின் தடிமனை மட்டும் கணக்கிடுவது. நிலத்தடி நீருக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் டுபுயி 1863-லேயே கையாண்ட எளிமைப்படுத்தல்தான். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக் கல்லில் உப்புநீர் மேல் மிதக்கும் நன்னீருக்குச் சொல்வார்களே, கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி இருந்தால் கீழே 40 அடி என்று, அதற்கு அடிப்படையும் இதே மாதிரியான அனுமானம்தான். மேலே சொன்ன 60 லட்சம் கட்டங்கள் இதில் 24,000 ஆகிவிடும். 2 மீட்டர் படலமும் 2 மீட்டராகவே இருக்கும்.

ஆனால் பிரிந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகும்? உட்சிராவின் ஊடுருவுதிறனை 2 டார்சி (அவர் பெயரிலேயே அமைந்த அலகு) என்றும், அடர்த்தி வித்தியாசத்தைக் கன மீட்டருக்கு 300 கிலோ என்றும், உப்புநீரின் பாகுநிலையை 0.7 சென்டிபாய்ஸ் என்றும், துளைகளின் பங்கை 36 சதவீதம் என்றும் போட்டுப் பார்த்தால், 20 மீட்டர் அடுக்குக்கு 10 நாள் வருகிறது. நீரும் வாயுவும் ஒரே துளைகளுக்குப் போட்டியிடுவதால் நிஜத்தில் இதைப்போல் சில மடங்கு ஆகும். இருந்தாலும் மாதக் கணக்கு. ஆயிரம் ஆண்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதே இடத்தில் 10 மில்லிடார்சி, அதாவது 0.01 டார்சிப் பாறை இருந்தால்? 200 மடங்கு. அந்தச் சில மடங்கையும் சேர்த்தால் பல பத்தாண்டுகள். அங்கே இந்த மாதிரியைத் தொடவே கூடாது.

உட்சிராவிலும் இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 1999-இல் எடுத்த நில அதிர்வுப் படத்தில் வாயு ஒன்பது அடுக்குகளாகத் தெரிந்தது. இடையில் இருப்பவை பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே தடிமனுள்ள களிப் படலங்கள். மூன்றே ஆண்டில் அவற்றையெல்லாம் கடந்து உச்சிக்கே போய்விட்டது. வாயுவைச் செலுத்தும் கிணற்றைச் சுற்றியும் படலங்களைக் கடக்கும் இடங்களிலும் ஓட்டம் செங்குத்தாகத்தான் நடக்கிறது.

மூன்றாவதான கலப்பு மாதிரி இதற்காகவே வந்தது. ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்திலும் நார்வேயின் சின்டெஃப் ஆய்வு நிறுவனத்திலும் இதில் நல்ல வேலை நடந்திருக்கிறது. கிணற்றைச் சுற்றி 500 மீட்டர் சதுரத்தில் முழு முப்பரிமாணம், மற்ற இடங்களில் அடுக்குக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 3 லட்சம் கட்டங்கள். முழு மாதிரியில் இருபதில் ஒரு பங்கு.

சாமர்த்தியமெல்லாம் இரண்டும் சேரும் எல்லையில். ஒரு பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கட்டங்கள், மறுபக்கம் ஒரே தூண். அந்தத் தூணைக் கற்பனையாக அதே உயரங்களில் வெட்டி, படலத்தின் தடிமனிலிருந்து ஒவ்வொரு துண்டின் செறிவையும் அழுத்தத்தையும் மீட்டெடுத்து, பிறகுதான் எல்லையைக் கடக்கும் ஓட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். எல்லை ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்றும் இல்லை. கணக்கில் வரும் செறிவுக்கும் சமநிலைச் செறிவுக்கும் உள்ள வித்தியாசம் குறையக் குறைய, முப்பரிமாணப் பகுதியைச் சுருக்கிக்கொண்டே வரலாம். எவ்வளவு வித்தியாசம் வரை பொறுப்பது என்ற வரம்பை எங்கே வைப்பது என்பது மாதிரியைக் கட்டுபவரின் கையில் இருக்கிறது. தாராளமாக வைத்தால் வேகம் கிடைக்கும், ஆனால் எல்லையில் பிழை சேரும்.

ஸ்லைப்னர் முழுமைக்கும் என் தேர்வு கலப்பு மாதிரிதான். உச்சி அடுக்கு மட்டும் வேண்டுமென்றால் செங்குத்துச் சமநிலை மாதிரியே போதும், கலப்பு வீண் செலவு. இறுக்கமான பாறை என்றால் பேச்சே இல்லை, முழு முப்பரிமாணம்.

வேகத்துக்கு நான் இவ்வளவு மதிப்புத் தரக் காரணம் உண்டு. உச்சி அடுக்கின் வாயு, மூடுபாறையின் அடிப்பரப்பில் உள்ள ஒரு மேட்டுவரிசையை ஒட்டி வடக்கே நாக்குப்போல் நீண்டது. அந்தப் பரப்பில் சில மீட்டர் உயரம் மாறினாலே பாதை மாறிவிடும். நில அதிர்வுப் படத்தில் அந்த அளவுக்குப் பிசகு இருக்கத்தான் செய்யும். 60 லட்சம் கட்டங்களை ஒரு முறை ஓட்டி ஒரே ஒரு படம் பெறுவதைவிட, அந்தப் பரப்பை நூறு விதமாகச் சற்றே மாற்றி நூறு முறை ஓட்டிப் பார்த்தால், வாயு எந்தெந்தப் பக்கம் போகக்கூடும், கண்காணிப்பை எங்கே பலப்படுத்த வேண்டும் என்பது தெரியும்.