பென்சிலா, பேனாவா?

வரையத் தொடங்கும்போது கை முதலில் பென்சிலைத்தான் தேடும். 2பி பென்சில் மென்மையானது. லேசாகத் தேய்த்தால் சாம்பல், அழுத்தினால் கருமை. நிழல் பழக அதுதான் சரி. ஆனால் கூடவே ரப்பரும் வந்துவிடும். கோடு, அழிப்பு, மறுபடி கோடு என்று அரை மணி நேரம் போயும் ஒரு டம்ளர் படம்கூட முடிந்திருக்காது.

பால்பாயிண்ட் பேனாவில் அழிக்க வழியில்லை. அதனால் கை நகருமுன் கண் நிதானமாகப் பார்க்கிறது: டம்ளரின் வாய் எவ்வளவு அகலம், அடி எவ்வளவு குறுகல்? கோடு தவறினால் பக்கத்திலேயே இன்னொன்று போடலாம். பழைய கோடும் தாளிலேயே இருப்பதால், எங்கே சறுக்கினோம் என்பது மறுநாள் பளிச்சென்று தெரியும். அழுத்தத்துக்கேற்பக் கோடும் ஓரளவு மாறும்; ஜெல் பேனாவில் அது வராது.

நான் சொல்வது, முதல் மாதம் தினமும் 15 நிமிடம் பேனா. அப்புறம் நிழலுக்குப் பென்சில், ரப்பர் இல்லாமல்.