ஹில் டிக்கின்சன் ஸ்டேடியம்: எவர்ட்டனோட புது வீட்டுல முதல் லீக் மேட்ச் பார்த்துட்டு வந்தேன்

நேத்து (2025 ஆகஸ்ட் 24) பிரைட்டன் கூட நடந்த மேட்ச்ல கத்தினதுல தொண்டை கட்டிக்கிச்சு, குரலே வரல. இன்னிக்கு இங்க பேங்க் ஹாலிடே வேற. சரி மனசு ஆறிப்போறதுக்குள்ள எழுதி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன். லிவர்பூல் பக்கம் வர்றவங்க, இங்க மேட்ச் பார்க்கலாமான்னு யோசிக்கிறவங்க, இல்ல என்னை மாதிரி எவர்ட்டன் கால்பந்து கிளப்புன்னு சொன்னாலே உள்ளுக்குள்ள ஏதோ பண்றவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இது.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் 2014-ல இந்த ஊருக்கு வந்தப்போ வாடகை கம்மின்னு வால்ட்டன்ல வீடு எடுத்தேன், எவர்ட்டனோட பழைய ஸ்டேடியம் கூடிசன் பார்க் ரெண்டு தெரு தள்ளி, சனிக்கிழமை ஜன்னலைத் திறந்தா கோல் விழுந்தது டிவிக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும். அப்படித்தான் இந்த டீம் மேல பாசம் வந்துச்சு, கப்பைப் பார்த்தெல்லாம் வரல, ஏன்னா எங்க கடைசி கப்பு 1995 எஃப்.ஏ. கப்பு, கடைசியா லீக் ஜெயிச்சது 1987. புல்லன்ஸ் ரோடு ஸ்டாண்டுல எனக்குக் கிடைச்ச சீட்டுக்கு முன்னாடி ஒரு இரும்புத் தூண் இருக்கும், கோல் போஸ்ட்டோட ஒரு பக்கத்தை அப்படியே மறைச்சிடும். பந்து அந்தப் பக்கம் போனா இடது பக்கம் சாயணும், எனக்குப் பின்னாடி இருக்குறவரும் சாய்வாரு, அவருக்குப் பின்னாடி இருக்குறவரும் சாய்வாரு, மொத்த வரிசையும் சேர்ந்து சாயும். வருஷக்கணக்கா அப்படித்தான் மேட்ச் பார்த்தோம்.

நேத்து 23-வது நிமிஷம் எங்க கிரீலிஷ் இடது பக்கத்துல இருந்து தாழ்வா ஒரு கிராஸ் போட்டாரு, என்டியாயே ஓடி வந்து உள்ள தள்ளினாரு. எனக்கு முன்னாடி தூணும் இல்ல ஒண்ணும் இல்ல, கோல் போஸ்ட் முழுசா தெரியுது, ஆனாலும் நான் இடது பக்கம் சாஞ்சுட்டேன். திரும்பிப் பார்த்தா ரெண்டு சீட் தள்ளி ஒரு பெரியவர், அவரும் சாஞ்சிருந்தாரு. அவரும் புல்லன்ஸ் ரோடுதான்னு கேக்காமலே தெரிஞ்சுடுச்சு, ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுக்கிட்டோம், யாரு எவருன்னே தெரியாது.

இந்த என்டியாயேதான் 2025 மே 18 அன்னிக்கு கூடிசன்ல ஆண்கள் அணியோட கடைசி மேட்ச்ல சவுத்தாம்ப்டனுக்கு எதிரா ரெண்டு கோலும் அடிச்சவரு. அந்த வீட்டுல கடைசி கோலு, இந்த வீட்டுல முதல் லீக் கோலு, ரெண்டும் ஒரே ஆளு. இதை எழுதும்போதே எனக்குப் புல்லரிக்குது.

சரி ஸ்டேடியத்துக்கு வர்றேன். இடம் மெர்சி ஆத்தங்கரை, பிராம்லி-மூர் டாக். 1848-ல திறந்த கப்பல் துறை அது, அந்தத் தண்ணிய அடைக்கிறதுக்கு ஐரிஷ் கடல்ல இருந்து கிட்டத்தட்ட 5 லட்சம் கன மீட்டர் மணல் அள்ளிட்டு வந்து கொட்டி, அதுமேல கட்டியிருக்காங்க. கூடிசன்ல 39 ஆயிரம் சொச்சம் பேரு உக்காரலாம், இங்க 52,769. கீழ்ப்பகுதி முழுக்க செங்கல், மேல பீப்பாய் மாதிரி வளைஞ்ச கூரை, ரோட்டுல இருந்து பார்த்தா அந்தக் காலத்து கிடங்கு ஒண்ணு தலையில இரும்புத் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். கிட்டப் போய் செங்கல்லைத் தொட்டுப் பாருங்க, குறுக்கும் நெடுக்குமா ஒரு டிசைன் ஓடும். அது வேற ஒண்ணும் இல்ல, கூடிசன்ல புல்லன்ஸ் ரோடு ஸ்டாண்டு முகப்புல அந்தக் காலத்து ஸ்டேடியம் டிசைனர் ஆர்ச்சிபால்ட் லீட்ச் போட்ட அந்த எக்ஸ் எக்ஸா வர்ற இரும்புப் பின்னல் இருக்குல்ல, அதையே செங்கல்ல கொண்டு வந்திருக்காங்க. கைய வச்சேன், சில்லுன்னு இருந்துச்சு, ஒரு நிமிஷம் அங்கேயே நின்னுட்டேன்.

வாசல்ல பழைய ஹைட்ராலிக் டவரை இடிக்காம அப்படியே விட்டிருக்காங்க, சரக்கு ரயில் தண்டவாளமும் தரையில அப்படியே கிடக்கு. இதெல்லாம் நல்ல வேலை. ஆனா இந்தக் கட்டடத்துக்கு ஊரு கொடுத்த விலையும் சின்னது இல்ல, யுனெஸ்கோ 2021-ல லிவர்பூல் துறைமுகத்தை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இருந்தே தூக்கினதுக்கு இந்த ஸ்டேடியமும் ஒரு காரணம். 2023-ல கட்டுமான வேலையில ஒரு தொழிலாளி இறந்துபோனாரு, அவரும் எவர்ட்டன் ரசிகர்தான். நேத்து உள்ள நுழையும்போது எனக்கு அவரு ஞாபகம்தான் முதல்ல வந்துச்சு, தான் கட்டின இடத்துல உக்காந்து ஒரு மேட்ச் பார்த்திருக்க வேண்டியவரு.

உள்ள எப்படி இருக்குன்னா, பார்வைக்கு ஒரு குறையும் இல்ல. நான் கிழக்கு ஸ்டாண்டு மேல் அடுக்குல இருந்தேன், அங்கிருந்தே ஆட்டக்காரர் ஷார்ட்ஸைத் தூக்கி விடுறது வரைக்கும் தெரியுது. தெற்கு ஸ்டாண்டுதான் உயிரு. செங்குத்தா ஒரே சுவரு மாதிரி, 13 ஆயிரம் பேரு கிட்ட அந்த ஒரு பக்கத்துல மட்டும். டீம் வெளிய வரும்போது போடுற அந்த சைரனும், பின்னாடி டிரம்மோட வர்ற அந்தப் பழைய ட்யூனும் கேட்டுச்சு பாருங்க, கூரை சத்தத்தை வெளிய விடாம அப்படியே திருப்பி நம்ம மேல கொட்டுது. கூடிசன் சத்தம் அப்படியே இங்க வந்துடுச்சான்னு கேட்டா இன்னும் இல்ல, நடுவுல 10 நிமிஷம் கொஞ்சம் அமைதியாத்தான் இருந்துச்சு, ஆளுங்க இன்னும் யாரு பக்கத்துல யாருன்னு பழகிக்கிட்டு இருக்காங்க. ஆனா 77-வது நிமிஷம் பிரைட்டன் ஆட்டக்காரர் வெல்பெக் அடிச்ச பெனால்டிய எங்க கோல்கீப்பர் பிக்ஃபோர்டு தடுத்தப்போ வந்த சத்தம் இருக்கே, அது கூடிசன்ல வந்திருந்தா தகரம் பிச்சிக்கிட்டுப் போயிருக்கும்.

போறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. காரை எடுத்துட்டுப் போகாதீங்க, மேட்ச் அன்னிக்கு சுத்துவட்டாரத்துல பார்க்கிங் கெடுபிடி ஜாஸ்தி. சேண்ட்ஹில்ஸ் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்குற தூரம்தான், ஆனா திரும்பும்போது எல்லாரும் ஒரே நேரத்துல அங்கதான் போவாங்க, அதனால நான் ரீஜென்ட் ரோடு வழியா சிட்டி சென்டருக்கு நடந்தே வந்துட்டேன், அரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஆனா நீலச் சட்டைக் கூட்டம் பாடிக்கிட்டே நடக்குறதுக்கு நடுவுல நடக்குறது ஒரு சுகம். ஆகஸ்ட்லேயே ஆத்துக் காத்து சும்மா விடல, டிசம்பர்ல போறவங்க நல்ல ஜாக்கெட்டா போட்டுக்கோங்க. மேட்ச்சுக்கு ஒரு ஒண்ணரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, மேற்கு பக்கம் ஆத்தைப் பார்த்துக்கிட்டு கொஞ்சம் நிக்கலாம்.

இப்ப என் மனசுல இருக்குறதைச் சொல்லணும். புது ஸ்டேடியம், 2024 டிசம்பர்ல வந்த புது ஓனர் ஃப்ரீட்கின் குரூப், ஜனவரியில மறுபடியும் வந்த மேனேஜர் மோயஸ், எல்லாரும் புது காலம் புது காலம்னு சொல்றாங்க. எனக்கு அது என்னன்னா, பயம் இல்லாம மேட்ச் பார்க்கப் போறது. 2022 மே மாசம் கிறிஸ்டல் பேலஸ் கிட்ட ரெண்டு கோல் பின்னாடி இருந்து மூணு அடிச்சு ரெலிகேஷன்ல (கீழ் டிவிஷனுக்கு இறக்கி விடுறதுல) இருந்து தப்பிச்சோம், 2023-ல கடைசி நாள் டூகூரே அடிச்ச ஒரே கோலுல தப்பிச்சோம், அதுக்கு அடுத்த சீசன் நிதி விதி மீறல்னு மொத்தம் 8 பாயிண்ட்ஸ் வெட்டினாங்க, அப்பவும் தப்பிச்சோம். தப்பிச்சதுக்கு மைதானத்துல இறங்கி ஆடினோம், அழுதோம். நானும்தான் அழுதேன், அதுல எனக்கு வெக்கம் இல்ல. ஆனா இங்கிலாந்துல மேல் டிவிஷன்ல அதிக சீசன் ஆடின கிளப்பு இது, 9 தடவை சாம்பியன், டிக்ஸி டீன் ஒரே லீக் சீசன்ல 60 கோல் அடிச்ச கிளப்பு. இதுக்கு மேல தப்பிக்கிறதை ஒரு சாதனைன்னு சொல்லிக்கிட்டு இருக்கக்கூடாது.

மோயஸ் வந்தப்போ நாங்க ரெலிகேஷனுக்கு ஒரு பாயிண்ட் மேல இருந்தோம், 48 பாயிண்ட்ஸோட 13-வது இடத்துல கொண்டுபோய் முடிச்சாரு. அந்த மனுஷன் மேல எனக்கு முழு நம்பிக்கை இருக்கு. முதல் தடவை 11 வருஷம் இருந்தும் ஒரு கப்பு கைக்கு வரல, 2009 எஃப்.ஏ. கப்பு ஃபைனல்ல சாஹா முதல் 25 செகண்டுலேயே கோல் அடிச்சும் செல்சி கிட்ட தோத்துட்டோம், அந்தக் கணக்கு அவருக்கும் பாக்கி இருக்கு. கிரீலிஷ் நேத்து ரெண்டு கோலுக்கும் பந்து கொடுத்தாரு. 52-வது நிமிஷம் அவரு தட்டிவிட்ட பந்தை எங்க ஜேம்ஸ் கார்னர் தூரத்துல இருந்து அடிச்ச அடி இருக்கே, மேல் அடுக்குல இருந்த எங்களுக்கு பந்து காலை விட்டுக் கிளம்பும்போதே தெரிஞ்சுடுச்சு அது உள்ளதான்னு. மான்செஸ்டர் சிட்டியில பெஞ்சுல உக்காந்திருந்தவரு இங்க 18-ம் நம்பர் போட்டுக்கிட்டு ஒவ்வொரு தடவை பந்து காலுக்கு வரும்போதும் சிரிக்கிறாரு. லோன்லதான் வந்திருக்காரு, எப்படியாவது நிரந்தரமா வச்சுக்கணும்.

கூடிசனை இடிக்கல, பெண்கள் அணி இனிமே அங்கதான் ஆடப் போறாங்க. இது கிளப்பு எடுத்த முடிவுலேயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. என் பொண்ணுக்கு 9 வயசு, அவளை அங்க கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன், அந்தத் தூணைக் காட்டணும்.

ஸ்டேடியத்துக்கு என் மார்க் 5-க்கு 4½. அந்த அரை மார்க்கை நான் பிடிச்சு வச்சிருக்கேன், சத்தம் 90 நிமிஷமும் நிக்காம கேக்குற அன்னிக்குக் கொடுக்குறேன்.

புதன்கிழமை ராத்திரி இங்கேயே லீக் கப்பு, மான்ஸ்ஃபீல்டு கூட. லீக் கப்பை எவர்ட்டன் இதுவரைக்கும் ஒரு தடவை கூட ஜெயிச்சது இல்ல, ரெண்டு ஃபைனல் போயி ரெண்டும் போச்சு. டிக்கெட் எடுத்தாச்சு, அதே கிழக்கு ஸ்டாண்டு மேல் அடுக்கு.