டேட்டாபேஸ் கண்காணிப்பு என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர்களிடம் உஷார்

எங்கள் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள வெளியில் ஒரு நிறுவனத்தை வைத்திருந்தோம். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை. 24 மணி நேரக் கண்காணிப்பு, கோளாறு முற்றுவதற்கு முன்பே தகவல், மாதாமாதம் ஓர் ஆரோக்கிய அறிக்கை. இதுதான் ஒப்பந்தம். அறிக்கை மட்டும் தவறாமல் வந்தது. வரிசையாகப் பச்சை வட்டங்கள், 'இயங்கிய நேரம் 100 சதவீதம்', கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றி.

ஒருநாள் விடியற்காலையில் டேட்டாபேஸ் படுத்துவிட்டது. எங்களுக்குத் தகவல் சொன்னவர்கள் வாடிக்கையாளர்கள். பதறிப்போய் அந்த நிறுவனத்தின் டாஷ்போர்டைத் திறந்தால் அப்போதும் எல்லாம் பச்சை! அவர்களுடைய 'கண்காணிப்பு' என்பது சர்வருக்குப் பிங் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது மட்டும்தான். மெஷின் உயிரோடு இருந்தது, பதில் சொன்னது. அதற்குள் ஓடவேண்டிய போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் செத்துக் கிடந்ததைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

டிஸ்க் நிரம்பியதுதான் காரணம். டிஸ்க் அளவையும் பார்ப்பதாக அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது, உண்மை. ஆனால் அவர்கள் பார்த்தது இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை. டேட்டா இருந்தது தனி டிஸ்க்கில். அதை அவர்களுடைய ஏஜென்ட்டில், அதாவது சர்வரில் இருந்து கண்காணிக்கும் புரோகிராமில், சேர்க்கவே இல்லை.

அது ஏன் நிரம்பியது என்பது இதைவிட மோசம். போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் 'வால்' (WAL) எனப்படும் லாக் கோப்புகளில் எழுதிக்கொள்ளும். அதே டேட்டாவின் பிரதியை வைத்திருக்கும் நகல் சர்வருக்காக ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் (அந்த நகல் எதுவரை வாங்கிக்கொண்டது என்ற குறிப்பு) போட்டுவிட்டால், அந்த நகல் வாங்கிக்கொள்ளும்வரை பழைய வால் கோப்புகளை மெயின் சர்வர் அழிக்காது. நகல் சர்வரையே தூக்கிவிட்டாலும் ஸ்லாட் இருக்கிறவரை சேர்த்துக்கொண்டேதான் போகும். 13ஆம் பதிப்பிலிருந்து இதற்கு உச்சவரம்பு வைக்க ஒரு செட்டிங் உண்டு. நாமாக மாற்றாதவரை வரம்பு கிடையாது. எங்கள் சர்வரில் கேட்பாரற்று ஒரு ஸ்லாட் கிடந்தது. அதன் பெயரிலேயே அந்த நிறுவனத்தின் முதல் மூன்று எழுத்துகள். சோதனைக்காக ஒரு நகலை அவர்களே உருவாக்கி, வேலை முடிந்ததும் மெஷினை எடுத்துவிட்டு, ஸ்லாட்டை விட்டுப் போயிருக்கிறார்கள்.

அன்று ஃபோனில் வந்த அவர்களுடைய இன்ஜினியர் சொன்ன தீர்வு என்ன தெரியுமா? "சார், அந்த வால் ஃபோல்டர்ல இருக்கிற பழைய ஃபைலை எல்லாம் டெலீட் பண்ணிடுங்க, சரியாயிடும்." கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. நிலைகுலைந்து நின்ற சர்வர் மறுபடி எழும்போது அந்தக் கோப்புகளைப் படித்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கையால் அழித்தால் டேட்டாபேஸ் திரும்ப எழாமலே போகலாம். நாங்கள் டிஸ்க்கைப் பெரிதாக்கி, சர்வரைக் கிளப்பி, அந்த ஸ்லாட்டை நீக்கினோம். மாற்றங்களை டிஸ்க்கில் முழுதாக எழுதி முடிக்கும் அடுத்த செக்பாயின்ட் முடிந்ததும் இடம் தானாகவே காலியானது. டேட்டா தப்பித்தது.

அப்புறம் பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் தோண்டினோம். அடுத்தடுத்த இரண்டு மாதங்களின் சிபியு வரைபடத்தில் ஏற்ற இறக்கம் எல்லாம் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தது. மாற்றியது தலைப்பில் இருந்த மாதத்தை மட்டும். 'நகல் தாமதம்: 0 விநாடி' என்று ஒரு வரி வேறு. நகலே இல்லாத சர்வரில் தாமதம் எங்கிருந்து வரும்? நகல் எதுவும் இணையாதபோது, தாமதம் எவ்வளவு என்று டேட்டாபேஸிடம் கேட்டால் பதிலாக ஒரு வரிசைகூடத் திரும்பாது. அவர்களுடைய ஸ்கிரிப்ட் அந்த வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாக எடுத்து, பச்சை வட்டம் போட்டுவிட்டது.

சர்வர் விழுவதற்கு முன்பே பேக்கப்பும் அதே டிஸ்க்கில் இடமில்லாமல் தோற்றிருக்கிறது. "மெயில் அனுப்பினோமே" என்றார்கள். அனுப்பியது, வேலையை விட்டுப் போய்விட்ட அவர்களுடைய ஊழியர் ஒருவரின் முகவரிக்கு. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடுகளைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டா பறிபோனபோதும் இதே மாதிரி ஒன்று நடந்திருந்தது: பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அதைச் சொல்லும் மெயில்களை மெயில் சர்வர் திருப்பி அனுப்பியிருக்கிறது. நடந்ததை மறைக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவர்களிடம் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா?

இழப்பீடு கேட்டபோது ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டினார்கள். 99.9 சதவீத உத்தரவாதம் எங்கள் டேட்டாபேஸுக்கு இல்லையாம், அவர்களுடைய டாஷ்போர்டுக்காம். அது நிற்கவே இல்லை என்பதால் தரவேண்டியது ஒன்றுமில்லையாம்.

இப்படிப்பட்ட சேவையை வாங்கப்போகிறவர்கள் டெமோ திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு சோதனைச் சர்வரைக் கொடுத்து, அவர்களுக்குச் சொல்லாமல் டேட்டா டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பைப் போட்டு நிரப்புங்கள். இன்னொரு நாள் மெஷினை விட்டுவிட்டு டேட்டாபேஸை மட்டும் நிறுத்துங்கள். யாருடைய ஃபோன் அடிக்கிறது, எவ்வளவு நேரம் கழித்து அடிக்கிறது என்று பாருங்கள். பேக்கப் 'எடுத்தோம்' என்றால் போதாது, வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள். டிரான்ஸாக்‌ஷன் ஐடியின் வயதைப் பார்க்கிறீர்களா என்றும் கேளுங்கள். டேட்டாவை மாற்றும் ஒவ்வொரு வேலைக்கும் போஸ்ட்கிரெஸ் கொடுக்கும் வரிசை எண் அது, 32 பிட் எண் என்பதால் அதற்கு எல்லை உண்டு. பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யும் வேக்யூம் சரியாக ஓடாமல் வயது 200 கோடியை நெருங்கினால் டேட்டாபேஸ் புதிதாக எதையும் எழுத மறுத்துவிடும். டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் கனெக்‌ஷன்களைப் பற்றியும் கேட்டுவிடுங்கள், வேக்யூமைத் தடுப்பது பல நேரம் அவைதான். எங்களுக்கு வந்த அறிக்கைகள் எதிலும் இந்த இரண்டும் இல்லை.

ஒப்பந்தத்தை முறித்துக் கடிதம் கொடுத்துவிட்டோம், அவர்களுக்குக் கொடுத்திருந்த பாஸ்வேர்டுகளையும் சாவிகளையும் அன்றே மாற்றிவிட்டோம். பணம் இன்னும் திரும்பி வரவில்லை. ஒரே மாதிரி இருந்த அந்த இரண்டு வரைபடங்களையும் புகாரோடு இணைத்திருக்கிறோம். அதற்கு மட்டும் அவர்களிடமிருந்து இதுவரை பதில் இல்லை.