'பாக்ஸ் பீஸ்ணா, புதுசு!' 3,800 ரூபாய்க்கு நான் வாங்கிய மதர்போர்டு

பழைய கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு தேடிக்கொண்டிருப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் படிக்காமல் போனவன்.

செங்கல்பட்டில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் இன்றைக்கும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் ஓடுகின்றன. தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. பின்பக்கம் இளஞ்சிவப்பு எல்பிடி போர்ட்டில் (அந்தக் காலத்து பிரிண்டர் செருகும் இடம்) செருகும் டாங்கிள். அது இல்லாவிட்டால் மென்பொருள் திறக்காது. யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்கிச் செருகிப் பார்த்தாயிற்று. அது பிரிண்டருக்கு மட்டும்தான் ஆகும், டாங்கிளை அது கண்டுகொள்வதே இல்லை. 2012-ல் வாங்கிய, மூன்றாம் தலைமுறை ஐ5-3470 ப்ராசஸர் உள்ள மெஷினை நான் விடாமல் கட்டிக்கொண்டு அழுவதற்கு இதுதான் காரணம்.

ஐப்பசி மழையில் ஒரு இடி. முதலில் நெட் போனது, மறுநாள் மெஷினே எழவில்லை. எஸ்எம்பிஎஸ், அதாவது கரண்ட் கொடுக்கும் பெட்டியை, மாற்றிப் பார்த்தும் பயனில்லை. போர்டு அவுட்.

ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் இரண்டு கடையில், "அது பழசு சார், செட்டா மாத்திடுங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ப்ராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். இன்டெலில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ப்ராசஸருக்கு 1155 சாக்கெட், நான்காவதற்கு 1150, ஆறாவதற்கு 1151. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் உட்காராது. சாக்கெட்டே மாறினால் ப்ராசஸர் மாற்ற வேண்டும், டிடிஆர்4 போர்டு என்றால் ராமும் மாற்ற வேண்டும். அவ்வளவு செலவு பண்ணினாலும் என் டாங்கிளுக்கு ஓட்டை கிடைக்கும் என்று உறுதியில்லை.

மூன்றாவது கடையில் ஒரு பையன். "எச்61 இருக்குண்ணா. பாக்ஸ் பீஸ், புதுசு."

"எல்பிடி வருமா தம்பி?"

"ஹெட்டர் இருக்குண்ணா. கேபிள் போட்டுக்கலாம்."

ஹெட்டர் என்றால் போர்டிலேயே நிற்கும் பின் வரிசை, அதில் கேபிள் செருகி போர்ட்டை வெளியே எடுக்கலாம். எச்61 என்பது 1155 சாக்கெட் போர்டில் ஒரு வகை. போர்டைக் காட்டினான். ஓரத்தில் வெள்ளை எழுத்தில் எல்பிடி என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததுமே பர்ஸை எடுத்துவிட்டேன். 3,800 ரூபாய். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட சீட்டு ஒன்று, அதில் 'டெஸ்டிங் வாரண்டி 7 நாள்' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஜிஎஸ்டி நம்பர் இல்லை. மூன்று மணி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அதையும் மடித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான் சங்கதி தெரிந்தது. எல்பிடி என்ற எழுத்துக்குக் கீழே கேபிள் செருகும் பின்களே கிடையாது. ஈயம் வைத்து அடைத்த இரண்டு வரிசை ஓட்டைகள், அவ்வளவுதான். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றியிருக்கும் வெள்ளிப் பட்டையில் வட்டவட்டமாகத் தேய்ந்த தடம். இந்தப் போர்டு எனக்கு முன்பே ஏதோ ஒரு கேபினெட்டில் முடுக்கப்பட்டிருக்கிறது. சாக்கெட் மூலையில், ப்ராசஸர் மேல் சூடு கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. புதுப் போர்டு என்றால் சாக்கெட்டின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். இதில் அதுவும் இல்லை. கடையிலேயே அதைக் கவனித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சரி, மாட்டிப் பார்ப்போம் என்று மாட்டினேன். விண்டோஸ் பாதியில் நீலத்திரை காட்டியது. இது கடைக்காரன் குற்றமில்லை. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோட் ஏஹெச்சிஐ-யில் இருந்தது, என் பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஐடிஇ முறையில் போட்டது. மாற்றினதும் எழுந்துவிட்டது. ஆனால் இரண்டு 4 ஜிபி ராம் போட்டும் பயாஸில் 4 ஜிபி மட்டுமே. மாற்றி மாற்றிச் செருகினேன். ஒரு ஸ்லாட் சுத்தமாகச் செத்திருந்தது.

மறுநாளே திரும்பப் போனேன். பையன் உள்ளே கொண்டுபோய் ஐந்து நிமிஷத்தில் வந்தான். கூடவே முதலாளி, கையில் லென்ஸ். "பின் வளைஞ்சிருக்கு சார். பிசிகல் டேமேஜ். வாரண்டி கிடையாது."

நானும் லென்ஸில் பார்த்தேன். தலைமுடி மாதிரி வரிசையாக நிற்கும் 1155 பின்னில் ஓரத்தில் இரண்டு மட்டும் தலை சாய்ந்திருந்தன. ப்ராசஸர் ராமோடு பேசுவது இந்தப் பின்கள் வழியாகத்தான். அந்தப் பக்கத்துப் பின் வளைந்தால் ஒரு ஸ்லாட் சாகும். "நான் வளைச்சேன்னா முதல் நாளே எப்படிங்க ஒரு ஸ்லாட் வேலை செய்யல?" என்று கேட்டேன். "நீங்க மாட்டும்போது வளைஞ்சிருக்கும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் வாங்கும்போது நான் சாக்கெட்டைப் பார்க்கவும் இல்லை, போட்டோ எடுக்கவும் இல்லை.

1915-க்கு, நுகர்வோர் உதவி எண், போன் போட்டேன். முதல் கேள்வியே பில் இருக்கா என்பதுதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை. ஆனால் ஜிஎஸ்டி நம்பர் இல்லாத எஸ்டிமேட் சீட்டை வைத்துக்கொண்டு 3,800 ரூபாய்க்கு நாள் கணக்கில் அலைந்தால் என் கடையை யார் பார்ப்பது? விட்டுவிட்டேன். விட்டது சரியா என்று இன்னும் எனக்கே தெளிவில்லை.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: நான் எச்61 வாங்கியதே தப்பு. அந்தச் சிப்செட்டில் (போர்டின் முக்கியச் சிப்) தனி எல்பிடி கார்டு செருகக்கூடிய பழைய பிசிஐ ஸ்லாட்டுக்கு நேரடி வசதி கிடையாது. பி75, க்யூ77 மாதிரி ஆபீஸ் மெஷின்களுக்கென்று வந்தவற்றில் உண்டு, எல்பிடி கிடைக்கும் வாய்ப்பும் அவற்றில்தான் அதிகம். ஆனால் கம்பெனி டெஸ்க்டாப்பிலிருந்து கழட்டிய போர்டு என்றால் இன்னொரு வம்பு. சிலவற்றில் வழக்கமான 24 பின் பவர் கனெக்டரே இருக்காது, நம் எஸ்எம்பிஎஸ் செருகாது.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்து நரசிங்கபுரம் தெருவில் ஒரு பெரியவர் மேஜையில் பி75 போர்டு கிடைத்தது. "பழசுதான் தம்பி, பொய் சொல்ல மாட்டேன். 2,600." இந்த முறை ப்ராசஸர், ராம், டாங்கிள், என் செத்துப்போன பழைய போர்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். முதலில் சாக்கெட்டைப் போட்டோ எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே டார்ச் அடித்துக் காட்டினார். அங்கேயே மாட்டி, இரண்டு ராமும் 8 ஜிபி காட்டி, எல்பிடி கேபிளில் டாங்கிளைச் செருகி, என் டிஸ்கிலிருந்து மென்பொருள் திறந்து 'ஸ்ரீ' என்று ஒரு எழுத்து அடித்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எண்ணினேன்.