பால் கொடுக்கும் அம்மாக்களே, முதுகுவலிக்கு பெல்ட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பையன் பிறந்து ஐந்து வாரம் இருக்கும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஆணி அடித்த மாதிரி வலி. ராத்திரி பால் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பிரசவமானவர்களுக்கென்றே நடத்தும் ஒரு தனியார் சென்டருக்குப் போனோம்.

அங்கிருந்த பெண் என் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எலும்பு விலக ஆரம்பிச்சிருக்கு மேடம், இப்படியே விட்டா கூன் விழுந்துடும்" என்றார். பயந்துபோய், பத்து சிட்டிங்குக்கு 9,000 ரூபாயும் பெல்ட்டுக்கு 2,400 ரூபாயும் அன்றே கட்டிவிட்டோம். குழந்தைக்கு எப்படி உட்கார்ந்து பால் கொடுக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெல்ட்டின் பட்டை அக்குளுக்குக் கீழே மார்பின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தது. கழற்றும்போதெல்லாம் சிவப்பாகத் தடம். போன் செய்தால், "பழகிடும், கழட்டாதீங்க" என்றார்கள். நான்காம் நாள் வலது பக்கம் பால் கட்டிக் கல் மாதிரி ஆகி, குளிர்காய்ச்சல் வந்துவிட்டது.

அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். மார்பை அப்படி இறுக்கினால் பால் கட்டும் என்று டாக்டர் பெல்ட்டை அப்போதே கழற்றச் சொன்னார். மாத்திரை எழுதி, அந்தப் பக்கமும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது என்றார். அங்கிருந்த நர்ஸம்மா என்னைப் பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். "குனியாதம்மா. பிள்ளைய உன்கிட்ட கொண்டு வா, நீ பிள்ளைகிட்ட போகாத" என்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, மடியில் ஒன்று, காலுக்கடியில் ஒரு பலகை. அவ்வளவுதான். பையன் வாய் மார்பின் உயரத்துக்கு வந்தது, என் தோள் தானாக இறங்கியது.

கைக்குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் என்றாலே மூன்று நான்கு மணி நேரம் கூன் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். வலிக்காமல் என்ன செய்யும்? ராத்திரியில் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கவும், தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து ஐந்து எண்ணும் வரை அப்படியே வைத்திருந்து தளர்த்தவும் நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். வெந்நீர் ஒத்தடமும் சுகமாக இருந்தது. இரண்டே வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. ஒரு பைசா செலவில்லை. ஆனால் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கை மரத்துப்போவது, காய்ச்சல் என்று ஏதாவது சேர்ந்து வந்தால் வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

சென்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். 'கட்டிய பணம் திரும்பத் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் அவர்களே கூப்பிட்டு, ஐந்து சிட்டிங் இலவசமாகத் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். ரசீதும் பெல்ட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.